பின்னால் கார் மோதி மறுநாள் கழுத்து வலி, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இழப்பீடு கேட்கலாமா?

கேட்கலாம். பின்னாலிருந்து இடிபடும்போது உடம்பு முன்னே தள்ளப்படும், தலை ஒரு கணம் பின்தங்கும். அதில் கழுத்துத் தசைகளும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் இழுபடுகின்றன. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், இவற்றை அல்ல. வலி 24 மணி நேரம் கழித்துத் தொடங்குவதும் சகஜமே. ஆனால் கையில் மரமரப்போ பலவீனமோ இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், இழப்பீடு காத்திருக்கட்டும்.

காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வது விபத்துக்கும் முதல் சிகிச்சைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை. இன்றே மருத்துவரைப் பாருங்கள். மோதிய விதம், வலி தொடங்கிய நேரம், கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்பதெல்லாம் பதிவாகட்டும். பழைய கழுத்து வலியை மறைக்காதீர்கள், அது எப்படியும் வெளிவரும். ரசீதுகளையும் விடுப்புச் சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள். வலி எங்கே போய் நிற்கும் என்று தெரியும்முன் முழுத் தீர்வுப் பத்திரத்தில் (இந்தத் தொகையோடு கோரிக்கை முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் தாளில்) கையெழுத்திட்டால், பெரும்பாலும் பிறகு கூடுதலாகக் கேட்க முடியாது.