மூன்று புள்ளி நீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு மாதமாக வீடியோ பார்த்துச் சீன எழுத்துக்கலை பழகுகிறேன். ஒவ்வொரு கோடும் தனியாகப் பார்த்தால் அச்சடித்ததுபோல் இருக்கிறது. எழுத்தாகச் சேர்ந்ததும் செத்துக் கிடக்கிறது. நல்ல தூரிகை வாங்கினால் சரியாகுமா? மையைக் கல்லில் அரைத்துத்தான் எழுத வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

ஆறு மாதம் விடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், சந்தோஷம். செத்துக் கிடப்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்தது அதைவிடச் சந்தோஷம். மையை விடுங்கள், பாட்டில் மையே போதும். ஆனால் "அச்சடித்ததுபோல்" என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, நோயே அதுதான். ஒருவரோடு ஒருவர் பேசாத எட்டுப் பேரைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, வீடு ஏன் களையாக இல்லை என்கிறீர்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது சமூக மன்றம் ஒன்றில் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். ஆசிரியர் எழுபதைத் தாண்டியவர். முதல் மாதம் முழுக்க ஒரே பாடம்: நீரைக் குறிக்கும் மூன்று புள்ளி. ஆறு, ஏரி, கடல் எல்லா எழுத்துக்கும் இடப்பக்கம் அதுதான் நிற்கும். நான் மூன்றையும் சமமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மை தொடாத தூரிகையைக் கொடுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முதல் புள்ளி விழுந்ததும் நுனி எழும்பியது. காற்றிலேயே வளைந்து, கொஞ்சம் இடம் தள்ளி இரண்டாவதில் இறங்கியது. மூன்றாவது கீழே ஊன்றி மேல்நோக்கிச் சுண்டியது. எங்கே? வலப்பக்கம் அடுத்த கோடு தொடங்கும் இடத்துக்கு. தாளில் மூன்று புள்ளி, கையில் ஒரே ஓட்டம். கோடு அறுந்தாலும் எண்ணம் அறாது என்பார்கள். சந்தேகமிருந்தால் வேகநடையில் எழுதியதைப் பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டிக்கொண்டு, காற்றில் போன வழி மையிலேயே தெரியும்.

'மூன்று' என்ற எழுத்துக்கு மூன்று கிடைக்கோடு. ஸ்கேல் வைத்ததுபோல் போட்டால் அது ஜன்னல் கம்பி. மேற்கோடு சற்று நிமிரும், நடுக்கோடு குட்டை, அடிக்கோடு நீண்டு இரண்டையும் தாங்கும். ஒரு புள்ளி அந்த எழுத்து முழுமைக்கும் விதியாகிறது என்று தாங் வம்சக் காலத்து எழுத்துக்கலைஞர் சுன் குவோதிங் 687இலேயே எழுதிவிட்டார். அப்படியென்றால் முதல் கோடு அதிகமாகச் சாய்ந்துவிட்டால் இரண்டாவது அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். நீங்களோ வீடியோவில் பார்த்த இரண்டாவது கோட்டையே போடுகிறீர்கள், பக்கத்தில் இருப்பது யார் என்றுகூடப் பார்க்காமல்!

தூரிகை கேட்டீர்கள், இல்லையா? இருப்பதே போதும். மூன்று புள்ளியை மட்டும் ஒரு வாரம் எழுதி எனக்கு அனுப்புங்கள். புகைப்படம் வேண்டாம், வீடியோ எடுங்கள். புள்ளியை நான் பார்க்கப்போவதில்லை, நடுவில் கை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.