துறை மாற நினைப்பவர் முதலில் எதற்குப் பணம் கேட்க வேண்டும்?

கேள்வி: தென் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரியொன்றில் இயற்பியல் இணைப் பேராசிரியையாக இருக்கிறேன். வயது 43. பதினைந்து ஆண்டுகளாக உலரும் திரவத் துளிகளைத்தான் ஆராய்கிறேன். அந்தத் துளிக்குள் பாக்டீரியா இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தபோது இயற்பியல் குழு என் திட்டத்தை 'இது உயிரியல்' என்று திருப்பிவிட்டது. உயிரியல் குழுவோ 'நுண்ணுயிரியலில் முன் அனுபவம் இல்லை' என்றது. இனி யாரிடம், எவ்வளவு கேட்பது?

பதில்: இரண்டு மறுப்புகளையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். முதலாவது எழுத்தில் உள்ள குறை. இரண்டாவது உண்மையான குறை.

முதலாவதைப் பார்ப்போம். நிபுணர் குழு எதுவானாலும் தன் துறையின் கேள்விக்குத்தான் பணம் தர விரும்பும். நீங்கள் அனுப்பிய வரைவின் தலைப்பு 'உலரும் துளிகளில் பாக்டீரியா பரவலின் பாய்ம இயக்கவியல்'. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மேசையில் சிந்திய காபித் துளி காயும்போது ஓரம் மட்டும் ஏன் கறுக்கிறது என்பது உங்களுக்கு அத்துப்படி: ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாகிறது, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து வரும் நீர் துகள்களையும் இழுத்து வருகிறது. இதை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'மருத்துவமனையின் எஃகு மேசையில் காய்ந்த துளியில் அதிக நேரம் உயிரோடிருப்பது ஓரத்தில் ஒதுங்கிய பாக்டீரியாவா, நடுவில் தங்கியதா?' கேள்வி முழுக்க நுண்ணுயிரியலுக்குச் சொந்தமாகிவிட்டது. விடை காணும் கருவி மட்டும் உங்களுடையது. இதை உயிரியல் குழுவுக்கே அனுப்புங்கள். நான் துறை தாண்டி எழுதிய முதல் திட்டமும் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை நான் மாற்றியது தொடக்கப் பத்தியை மட்டும்தான்.

இரண்டாவது மறுப்பை எழுத்தால் சரிக்கட்ட முடியாது. அதனால் முதலில் ஆய்வுக் கருவிக்குப் பணம் கேட்காதீர்கள், கற்றுக்கொள்ளும் நேரத்துக்குக் கேளுங்கள். அமெரிக்காவின் சைமன்ஸ் அறக்கட்டளை 2022-இல் தொடங்கிய பிவட் ஃபெலோஷிப் இந்தக் கருத்தின்மேல்தான் நிற்கிறது. தன் துறையில் பெயர் பெற்ற ஒருவர் ஓராண்டு முழுக்கப் புதிய துறையின் வழிகாட்டி ஒருவரிடம் மாணவராக உட்கார வேண்டும். பெரிய ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகுதான்.

நம்மிடம் அதற்கு அருகில் வருவது மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (செர்ப்) தொடங்கிய 'டேர்' என்னும் ஆசிரியர் ஆய்வு இணைப்புத் திட்டம். அந்த வாரியம் இப்போது, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் அடங்கிவிட்டது. மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் வேலையை விடாமலே ஐ.ஐ.டி., ஐசர், தேசிய ஆய்வகம் போன்ற இடங்களில் ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் ஆய்வு செய்யலாம். செர்ப் காலத்து விதிப்படி மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ரூ.60,000 உதவித்தொகை, ஆண்டுக்கு ரூ.5 லட்சம் ஆய்வு நிதி. ஆய்வு நிதியை இரு நிறுவனங்களும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். வயது வரம்பு உண்டு, பெண்களுக்குத் தளர்வும் உண்டு. நடப்பு அறிவிப்பில் தொகையையும் வரம்பையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரூ.5 லட்சம் சிறிய தொகைதான். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது அந்த 90 நாள்.

அதற்கும் முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம். மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை மாணவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு. இரண்டு மாதம் வேறொருவர் ஆய்வகத்தில் பெட்ரி தட்டு தேய்த்துப் பார்த்தால், இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

ஸ்ட்ராஸ்பூர்கில் இயங்கும் ஹியூமன் ஃபிரான்டியர் சயன்ஸ் புரோகிராம், வேறு வேறு நாட்டு விஞ்ஞானிகள் கூட்டாகச் செய்யும் துறை தாண்டிய உயிரியலுக்குப் பணம் தருகிறது. முதற்கட்டச் சோதனை முடிவுகளைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, இந்தியாவும் உறுப்பு நாடு. ஆனால் போட்டி கடுமை. மூன்று ஆண்டு கழித்து யோசியுங்கள்.

கூட்டாளியைத் தொலைவில் தேட வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஜி.என்.ராமச்சந்திரன் கொலாஜன் புரதத்தின் பக்கம் திரும்பியபோது, அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்துதான் கொலாஜன் நிறைந்த கங்காரு வால் தசைநாண் வாங்கி வந்தார். கோபிநாத் கர்தாவும் அவரும் 1954-இல் வெளியிட்ட கொலாஜன் மூலக்கூறின் அமைப்பு அப்படித்தான் கிடைத்தது. உங்கள் கல்லூரி நுண்ணுயிரியல் துறையிலோ பக்கத்து மருத்துவக் கல்லூரியிலோ ஒருவர் இருப்பார். வெறுங்கையோடு போகாமல், காய்ந்த துளியின் நுண்ணோக்கிப் படங்கள் நாலைந்தை எடுத்துப் போங்கள்.

செலவுக் கணக்கில் இயற்பியல்காரர்கள் வழக்கமாகக் கோட்டை விடுவது நுகர்பொருள்களில். உங்கள் நுண்ணோக்கியை ஒருமுறை வாங்கினால் பத்தாண்டு ஓடும். வளர்ப்பு ஊடகம், பிப்பெட் முனை, பெட்ரி தட்டு எல்லாம் மாதந்தோறும் தீரும். ஈ.கோலை பாக்டீரியாவில் நோய் உண்டாக்காத கே-12 வகையோடு தொடங்குங்கள். நோய்க்கிருமி என்று எழுதினால் அதற்கேற்ற ஆய்வக வசதியும் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் எங்கே என்ற கேள்வி வரும், வேலை அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக, கல்லூரி முதல்வரின் தடையில்லாச் சான்று. 90 நாளையும் ஒரே மூச்சில் கேட்டால் எந்த முதல்வரும் கையெழுத்திடத் தயங்குவார். மே, டிசம்பர் விடுமுறைகளையும் வாரத்தில் ஒரு நாளையும் சேர்த்து நாட்காட்டியில் குறித்து எடுத்துப் போங்கள். உங்கள் வகுப்புகளை யார் எடுப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.