ஸ்விஃப்ட் காரை 50 மி.மீ. தாழ்த்த ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா, காயில்ஓவர் வேண்டுமா?

உங்களிடம் இருப்பது 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட், பெட்ரோல். அதை 50 மி.மீ. தாழ்த்த வேண்டும். லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடலாமா, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து, உயரத்தைத் திருகி மாற்றும்படி வரும் காயில்ஓவர் வாங்கலாமா, பட்டறைக்காரர் சொல்வதுபோல இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டுவதை இப்போதே மறந்துவிடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. 25 அல்லது 30 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் நல்ல ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரும் போதும். 50தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முழு காயில்ஓவர்தான் வழி. ஆனால் தினமும் ஓட்டும் காருக்கு, அதுவும் நம் ஊர்ச் சாலையில், 50 மி.மீ. வேண்டாம் என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேல்நோக்கி ஏறுவதற்கு ஓர் அளவு இடம் உண்டு. அதற்கு மேல் ஏறினால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் ஷாக் அப்சார்பரின்) தண்டில் கோத்திருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு நசுங்கத் தொடங்கும். பிறகு இரும்போடு இரும்பு இடிக்கும். காரை எவ்வளவு தாழ்த்துகிறீர்களோ அவ்வளவும் இந்த இடத்திலிருந்தே கழிகிறது. கணக்குக்காக அந்த இடம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. தாழ்த்தினால் 50 மிச்சம். 50 தாழ்த்தினால் மிச்சம் 30 மட்டுமே. ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், 80 மி.மீ.யில் வாங்கிய அதே இடியை 50 மி.மீ.யில் வாங்க ஸ்பிரிங் சுமார் இரண்டரை மடங்கு கடினமாக வேண்டும், 30 மி.மீ.யில் வாங்க ஏழு மடங்கு. சாலையில் ஓட்டும் காருக்கு அப்படி ஒரு ஸ்பிரிங்கை யாரும் விற்பதில்லை. கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் பழையதைவிட இருபது, முப்பது சதவீதம் கடினமாக இருந்தால் பெரிது. மீதி இடியை யார் வாங்குவது? பம்ப் ஸ்டாப்பும், டயரும், உங்கள் முதுகும்தான்.

உங்கள் காரில் உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஷாக்கின் தண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, தண்டின் அடியில், சிலிண்டரின் வாயை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கிக் கட்டுங்கள். வழக்கமாக ஏற்றும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, வழக்கமாகப் போகும் சாலையில், வழக்கமான வேகத்தில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்துக்கு டை தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே மிஞ்சியிருப்பதுதான் நீங்கள் தாராளமாகச் செலவு செய்யக்கூடிய மில்லிமீட்டர். குடும்பத்தோடு ஓட்டும் கார்களில், பின்பக்கம், பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிருக்காது. பின்னிருக்கையில் மூன்று பேர், ஆளுக்கு 65 கிலோ. அந்த எடை முழுவதும் பின்சக்கரங்களில் இறங்குவதாகவும், இரண்டு பின் ஸ்பிரிங்குகளில் ஒவ்வொன்றின் கடினமும் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றும் எடுத்துக்கொண்டால், உட்கார்ந்த உடனேயே 48 மி.மீ. இறங்கிவிடும். பெட்டி, படுக்கை இன்னும் கணக்கில் வரவில்லை.

வேகத்தடைக்குப் பயந்துதான் எல்லோரும் தாழ்த்தத் தயங்குகிறார்கள். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிப்படி வேகத்தடை என்பது 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. ஸ்விஃப்டின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், 2,450 மி.மீ. அப்படிப்பட்ட தடையின் மேல் நான்கு சக்கரமும் நிற்கும்போது காரின் வயிற்றுக்கு நடுவே தடை எழும்புவது வெறும் 44 மி.மீ. மெதுவாகப் போனால், 50 மி.மீ. தாழ்த்திய காரும் தட்டாமல் ஏறி இறங்கிவிடும். ஆனால் தெருவுக்குத் தெரு விடியற்காலையில் முளைக்கும் தடைகள் எந்த விதியையும் படித்தவை அல்ல. ஒரு முழ அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குக் கான்கிரீட்டைக் குவித்திருப்பார்கள். முன்சக்கரம் தாண்டி, பின்சக்கரம் ஏறாத நிலையில் அந்த 15 செ.மீ. முழுவதும் காரின் வயிற்றுக்கு அடியில் இருக்கும். ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. ஆள் ஏறாத, தாழ்த்தாத காருக்கே மிச்சம் 13 மி.மீ.தான். ஆகவே உங்கள் வீட்டிலிருந்து அலுவலகம் வரை உள்ள தடைகளில் மிக மோசமானதை ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். வாரக் கடைசியில் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில் ஓட்டுவதற்காக மட்டும் வைத்திருக்கும் கார் என்றால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவையில்லை.

அடுத்தது ஸ்பிரிங் வாங்குவது. ஐபாக், எச் அண்ட் ஆர், டெயின் போன்ற நிறுவனங்களின் பெட்டியில் ‘30 மி.மீ. தாழ்வு’ என்று போட்டிருந்தால், அது எந்த நாட்டு ஸ்விஃப்டிலிருந்து 30 என்று பாருங்கள். பலர் கவனிக்காத இடம் இது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்ற இதே தலைமுறை ஸ்விஃப்டின் தரை இடைவெளி 120 மி.மீ. நமக்குக் கொடுத்தது 163. இந்த 43 மி.மீ. வித்தியாசம் முழுவதும் ஸ்பிரிங்கால் வந்தது என்று சொல்ல முடியாது. டயரின் விட்டமும், எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதும் அதில் சேரும். ஆனாலும் அங்குள்ள காருக்கென்று செய்த ஸ்பிரிங்கை இங்குள்ள காரில் போட்டால் பெட்டியில் எழுதியதைவிட அதிகமாகத்தான் இறங்கும். ‘30 போட்டேன், 55 இறங்கிவிட்டது’ என்று புலம்புகிறவர்களின் கதை இதுதான். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்தியாவில் விற்ற காரில் பொருத்தி அளந்திருக்கிறார்களா? பெட்ரோலுக்கா, டீசலுக்கா? டீசல் ஸ்விஃப்டின் எடை பெட்ரோலைவிட ஏறத்தாழ 100 கிலோ அதிகம், அதில் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல். டீசலுக்கு வந்த ஸ்பிரிங்கைப் பெட்ரோல் காரில் மாட்டினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று இரண்டு பவுண்டு குறைந்தாலே எண் மாறும். சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை, நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள்.

டயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாழ்த்தும் ஆசையோடு சேர்த்துப் பலர் 185/65 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 195/55 ஆர்15 போடுகிறார்கள். அதன் ஆரம் 13 மி.மீ. குறைவு. ஸ்பிரிங்கைத் தொடாமலே தரை இடைவெளியில் 13 மி.மீ. போய்விட்டது. ஃபெண்டருக்கும் டயருக்கும் இடையில் உள்ள சந்து, எதை மூடுவதற்காக இவ்வளவு பாடுபடுகிறோமோ அது, இன்னும் பெரிதாகிவிட்டது. போதாததற்கு ஸ்பீடாமீட்டர் நான்கு சதவீதம் கூட்டிக் காட்டும்.

இனி ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் முப்பது சதவீதம் கடினமானால் அதன் துள்ளலை அதே அளவு அடக்க ஷாக்கின் பிடி ஏறத்தாழ 14 சதவீதம் கூட வேண்டும். புதிய ஷாக் ஓரளவு சமாளிக்கும். 60,000 கி.மீ. ஓடிய ஷாக் சமாளிக்காது. மேம்பாலத்தின் இணைப்புகளில் கார் இரண்டு மூன்று முறை குதித்துவிட்டுத்தான் அடங்கும். நீளமும் முக்கியம். பில்ஸ்டைன் நிறுவனம் பி6, பி8 என்று இரண்டு வரிசை வைத்திருப்பது இதற்காகத்தான்: பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 உடலும் தண்டும் குட்டையாகச் செய்யப்பட்டு, தாழ்த்திய காருக்கு. உங்கள் காருக்கு அந்த நிறுவனத்தில் கிடைக்காமல் போகலாம், வேறு நிறுவனத்தில் பாருங்கள். ஆனால் பார்க்க வேண்டியது இந்தக் குட்டைத்தன்மையைத்தான். ஸ்பிரிங்குக்கு ஆயிரம் விளம்பரம் பார்த்துவிட்டு ஷாக்கை மீந்த பணத்தில் வாங்குகிறவர்களே அதிகம். பணம் குறைவு என்றால் நான் முதலில் ஷாக்கை வாங்குவேன், ஸ்பிரிங் அடுத்த ஆண்டு வரட்டும்.

வெட்டுவதற்கு வருவோம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மீதி ஐந்து 20 சதவீதம் கடினமாகும். ‘இருபது சதவீதம்தானே, நீங்கள் சொன்ன லோயரிங் ஸ்பிரிங்கும் அவ்வளவுதானே’ என்று பட்டறைக்காரர் கேட்பார். கணக்கு சரி. தகராறு முனையில் இருக்கிறது. கம்பெனி ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அதன் இருக்கையில் படிந்து உட்காரும்படி வளைக்கப்பட்டிருக்கும். வெட்டிய முனை அப்படி உட்காராது. அப்படி வெட்டிய ஒரு ஸ்விஃப்டை லிஃப்ட்டில் ஏற்றிச் சக்கரங்கள் தொங்கியபோது பார்த்தேன்: முன்பக்க ஸ்பிரிங் இருக்கையைவிட்டு விரல் அளவு எழும்பி, கையால் பிடித்துச் சுழற்ற முடிந்தது. அடியில் உள்ள ரப்பரில் வெட்டுமுனை பதிந்து, பிறை வடிவில் ஒரு துண்டு அறுந்து கிடந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த ஸ்பிரிங் எங்கே வந்து உட்காரும் என்பது அதற்கே தெரியாது. கேஸ் வைத்து வெட்டினால் வெப்பம் ஏறிய பகுதியில் எஃகின் பதமும் போய்விடும்.

காயில்ஓவரில் இரண்டு வகை. ஒன்றில் ஸ்பிரிங்கின் அடித்தட்டை மட்டும் மேலும் கீழும் திருகலாம். தாழ்த்தத் தாழ்த்த, முன்னே சொன்ன மேல்நோக்கிய இடம் குறைந்துகொண்டே போகும். மற்றதில் அடித்தட்டு ஒருபக்கம் இருக்க, ஷாக்கின் உடலையே கீழ் பிராக்கெட்டுக்குள் திருகி இறக்கலாம். உயரம் குறையும், ஷாக்கின் ஓட்டம் குறையாது. இரண்டாவது வகை வாங்கினால்தான் கொடுத்த காசுக்கு அர்த்தம். இதிலும் டயர் ஃபெண்டருக்குள்ளே எதிலாவது இடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மழைக்காலச் சேறு திருகு மரைகளில் ஏறிக் காய்ந்தால் ஒரு வருடத்தில் வளையங்கள் அசையாமல் பிடித்துக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். மரைகளைக் கழுவி எண்ணெய் தடவி வைக்கும் பொறுமை இல்லாதவருக்குக் காயில்ஓவர் என்பது விலை கூடிய சாதாரண ஸ்ட்ரட்.

தாழ்த்தினால் கார் வளைவுகளில் சாயாது என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. முன்பக்க மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், சக்கரத்தை அடியில் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் சாதாரணமாகச் சக்கரத்தின் பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். காரைத் தாழ்த்தும்போது அது கிடைமட்டமாகி, மேலும் தாழ்த்தினால் எதிர்ப்பக்கம் சரியும். அப்போது காரின் ஈர்ப்பு மையம் 50 மி.மீ. இறங்கியிருந்தால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கியிருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள நெம்புகோல் நீண்டுவிடுவதால் சாயும் விசை கூடவே செய்கிறது. கடினமான ஸ்பிரிங் அதை மறைத்துவிடும், அவ்வளவுதான். 25, 30 மி.மீ.யில் இது பெரிய விஷயமில்லை. 50-இல் ஸ்டியரிங்கிலேயே தெரியும். மேடுபள்ளத்தில் கார் தானாக இடம் வலம் மோப்பம் பிடிக்கும். பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒரே உத்திரமாக இணைக்கும் டார்ஷன் பீம் என்பதால் அங்கே திருத்துவதற்குத் திருகு எதுவும் இல்லை.

பொருத்தும்போது பெரிய பாகங்களோடு சில்லறைப் பாகங்களையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்: ஸ்ட்ரட் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், ரப்பர் உறை. பழையதைத் திரும்ப மாட்டினால் மூன்று மாதத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது ‘டொக்’ என்று சத்தம் வரும், கூலி இரண்டாம் முறை. மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் நின்று கவனித்து வாங்குங்கள்: லோயர் ஆர்ம் புஷ், பின் பீம் புஷ் ஆகியவற்றின் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், கார் லிஃப்ட்டில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, புதிய உயரத்தில் கார் அமர்ந்த பிறகே முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் நாள் முழுவதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் படிய ஒரு வாரம் விட்டு, பிறகு வீல் அலைன்மென்ட். பல கடைகளில் முன்சக்கர டோ (சக்கரங்கள் முன்னால் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். கேம்பர் (சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) எண்ணையும் அச்செடுத்துக் கேளுங்கள். ஹெட்லைட்டின் உயரத்தையும் அதே நாளில் சரிசெய்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் காரின் அடியில் குனிந்து பார்ப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கேபிள் டை சோதனையை இந்த வாரமே செய்துவிட்டு, பின்பக்கம் மிஞ்சும் எண்ணை எழுதிக்கொள்வேன். அது 25-க்குக் கீழே இருந்தால் ஸ்பிரிங்கைத் தொடாமல் நல்ல ஷாக்கும் நல்ல டயரும் மட்டும் போடுவேன். 25-க்கு மேல் இருந்தால் இந்தியக் காரில் அளந்து விற்கும் ஸ்பிரிங், அந்த எண்ணைத் தாண்டாமல், அதிகபட்சம் 30 மி.மீ., கூடவே குட்டை ஷாக். சோதனையில் வந்த எண்ணைக் கீழே கருத்தில் போடுங்கள். ஸ்பிரிங்கின் கடினம் எவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.