ஏலக்காய் வருமானத்தில் பிஎம்டபிள்யூ வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 43 வயது. போடிநாயக்கனூரில் வசிக்கிறேன். உடும்பன்சோலை தாலுகாவில் 8 ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2,000 கிலோ உலர்ந்த காய் எடுக்கிறேன். கூலி, உரம், மருந்து, காய் உலர்த்தும் ஸ்டோர் செலவு எல்லாம் சேர்த்து 20 லட்சம் ஆகிறது. கடந்த இரண்டு பருவமும் கிலோவுக்கு 2,400 ரூபாய் வரை கிடைத்ததால் 31 லட்சம் சேர்ந்திருக்கிறது. நகைக்கடன் 6 லட்சம், பயிர்க்கடன் 3 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 60,000. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கல்லூரி நாளிலிருந்தே பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் மீது ஆசை. கொச்சியில் 2020 மாடல் பெட்ரோல் கார் 27 லட்சத்துக்கு வருகிறது. 7 லட்சம் கையிலிருந்து போட்டு, மீதி 20 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். விற்பவர் 8 லட்சத்தை ரொக்கமாகக் கேட்கிறார். ஆலுவாவில் 2017 மாடல் டீசல் கார் ஒன்று 14 லட்சத்துக்கு இருக்கிறது. எதை வாங்கலாம்? தோட்டம் கேரளத்தில் இருப்பதால் கேஎல் எண்ணையே வைத்துக்கொள்ளலாமா? தோட்டத்துப் பாதையில் கார் ஏறாது. அதற்கு ஜீப் இருக்கிறது.

பதில்: கார் வாங்குங்கள். ஆனால் கொச்சிக் காரை இப்போது, இந்தக் கடனைப் போட்டு வாங்க வேண்டாம். ஆலுவா கார் எப்போதுமே வேண்டாம்.

இந்த வயதில் இது தேவையா என்று உங்களிடம் பலர் கேட்டிருப்பார்கள். நான் கேட்க மாட்டேன். 258 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், நின்ற இடத்திலிருந்து ஆறு நொடிக்குள் 100 கி.மீ. வேகம் என்று ஓட்டுகிறவரை மனத்தில் வைத்தே செய்யப்பட்ட கார் அது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் ஏறி இறங்கிப் பழகியவருக்கு நல்ல ஸ்டீயரிங்கின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில் பிடித்ததை வாங்குவது உங்கள் உரிமை. என் கவலையெல்லாம் உங்கள் வருமானத்தின் சுபாவத்தைப் பற்றியதுதான்.

20 லட்சம் கடனுக்கு 12 சதவீத வட்டியில் 60 மாதத் தவணை என்றால் மாதம் 44,489 ரூபாய். சம்பளக்காரருக்கு இந்த ஒரு எண் போதும். உங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, காய்தான் சம்பளம். ஆகவே உங்கள் செலவுகளையெல்லாம் கிலோ காய்க்கு எவ்வளவு என்று மாற்றிப் பார்த்தேன். சாகுபடிச் செலவு கிலோவுக்கு 1,000 ரூபாய். வீட்டுச் செலவு ஆண்டுக்கு 7.2 லட்சம், அதாவது கிலோவுக்கு 360. ஆக, சராசரியாக 1,360 ரூபாய் கிடைத்தால் கையைக் கடிக்காமல் ஆண்டை ஓட்டிவிடுவீர்கள். கார்க் கடனின் ஆண்டுத் தவணை 5.34 லட்சம், கிலோவுக்கு 267. பெட்ரோல், காப்பீடு, சர்வீஸ், டயர், எதிர்பாராத பழுது எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு 3.5 லட்சம் ஒதுக்கினால் இன்னும் 175. இந்த வாகனம் வாசலுக்கு வந்த நாளிலிருந்து, புதுக் கடனும் சேமிப்பும் இல்லாமல் வெறுமனே சமாளிப்பதற்கே கிலோவுக்கு 1,800 ரூபாய் விலை வேண்டும்.

அந்த விலை ஐந்து ஆண்டும் நிற்குமா என்பதைப் போடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏலக்காய் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. மூன்றே ஆண்டில், 2022-இல், 1,000 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. அந்த இரண்டு விலைக்கும் நடுவில் எத்தனை பேர் நகையை அடகு வைத்தார்கள் என்பது உங்கள் தெருவிலேயே தெரிந்திருக்கும். விலை மட்டுமா? 2024 கோடையில் இடுக்கி மலையில் செடிகள் காய்ந்து கருகின. மகசூல் 2,000 கிலோவிலிருந்து 1,200-க்கு இறங்கினால் மேலே போட்ட கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்து நிற்கும். விலை ஏறி இறங்கும் பயிரை நம்பி மாறாத மாதத் தவணையில் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதில் முக்கியமானது. இதே கடனை ஓர் அரசு ஊழியர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஆண்டுக்கு 3.5 லட்சம் அதிகம் என்று தோன்றலாம். 2019-இல் இந்த மாடல் ஷோரூமுக்கு வந்தபோது விலை 48 லட்சத்தை ஒட்டி இருந்தது. நீங்கள் 27 லட்சத்துக்கு வாங்கினாலும் உதிரிபாகமும் சர்வீஸ் கூலியும் 48 லட்ச ரூபாய்க் காருக்கு உரியவைதான். சென்னைக்கு அருகில் சிங்கப்பெருமாள்கோவில் ஆலையில்தான் காரை ஒன்றுசேர்க்கிறார்கள், அதனால் பாகங்கள் மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சார்ந்த பாகங்களில் அந்த மலிவை எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்குப் பக்கத்துச் சர்வீஸ் மதுரையில். போடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்.

டயரையும் பாருங்கள். இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் ரன்-ஃபிளாட் டயர்கள்தான். காற்று முழுதும் போனாலும் 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம் என்பது இந்த டயர்களின் பொதுவான வரம்பு. போடியில் பஞ்சரானால் மதுரை எல்லைக்குக் கொஞ்சம் முன்பாகவே அந்த வரம்பு முடிந்துவிடும். தேனி, ஆண்டிபட்டி கடைகளில் அந்த அளவு டயர் இருப்பில் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் பள்ளத்தில் வேகமாக இறங்கினால் டயர் வெடிப்பதும், ரிம் வளைவதும் உண்டு. நான்கையும் ஒன்றாக மாற்றும் ஆண்டில் லட்ச ரூபாயை ஒட்டிய பில் வரும். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 3.5 லட்சம் என்று போட்டேன்.

இனி உங்கள் 31 லட்சம். முதலில் நகைக்கடன் 6 லட்சத்தை அடைத்துவிடுங்கள். டெபாசிட்டில் வாங்கும் வட்டியைவிட நகைக்கு அதிக வட்டி கட்டிக்கொண்டு, கூடவே புதுக் கடனும் தேடுவது சரியில்லை. பயிர்க்கடன் 3 லட்சம் கிசான் கடன் அட்டையில் இருந்து, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீத வட்டிதான்; அது இருக்கட்டும். மீதி 25 லட்சம். காய் 900 ரூபாய்க்கு விற்கும் ஆண்டில் தோட்டத்தில் 2 லட்சம் நட்டம், வீட்டுக்கு 7.2 லட்சம் வேண்டும், ஆக 9.2 லட்சம் பற்றாக்குறை. இப்படி இரண்டு ஆண்டு தொடர்ந்து வந்தால் தாங்குவதற்கு 18 லட்சத்தைத் தனி டெபாசிட்டாகப் போட்டு, அதை மறந்துவிடுங்கள். இன்றைக்கு உங்களுக்கு உண்மையில் சுதந்திரமான பணம் 7 லட்சம்தான். காருக்குக் கையிலிருந்து போடலாம் என்று நீங்கள் நினைத்த தொகையும் அதுவே. ஆனால் மகளின் கல்லூரிக்கு இருப்பதும் அது மட்டுமே. அதை மகள் பெயரில் எடுத்து வையுங்கள்.

வரும் பருவமும் 2,400 ரூபாய் கிடைத்தால் வீட்டுச் செலவு போக 20 லட்சம் மிஞ்சும். அதிலும் ஒரு பங்கு மகளுக்கு. அதற்கடுத்த பருவத்தின் மிச்சத்தையும் சேர்த்தால் கடனே இல்லாமல் இதே மாடலை வாங்கலாம். அதற்குள் விலையும் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். காப்பீட்டுக்காரர்கள் வைத்திருக்கும் தேய்மான அட்டவணையே ஐந்தாம் ஆண்டில் காரின் மதிப்பில் பாதியைக் கழித்துவிடுகிறது. சொகுசுக் கார்களில் சந்தையும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது. இன்று 27 லட்சம் கேட்கும் கார் இரண்டு ஆண்டில் 20 லட்சத்தை ஒட்டி வந்துவிடும் என்பது என் மதிப்பீடு. ஒருவேளை நடுவில் விலை விழுந்துவிட்டால், காரை வாங்காமல் இருந்ததற்காக நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

கேஎல் எண் விஷயத்தில் வளைந்து போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 40-ஆம் பிரிவின்படி, வாகனம் வழக்கமாக நிறுத்தப்படும் இடம் உள்ள மாநிலத்தில்தான் பதிவு இருக்க வேண்டும். 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பதிவான வாகனத்தை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புது எண் வாங்கியாக வேண்டும். தோட்டத்துப் பாதையில் கார் ஏறாது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்த முகவரியில் கார் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். புதுச்சேரி முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017-இல் கேரளத்தில் திரையுலகப் புள்ளிகள் வரை வழக்காகப் போனது நினைவிருக்கும். தேனி ஆர்டிஓ எண்தான் உங்களுக்கு உரியது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். ஆனாலும் லட்சங்களில்தான் வரும். அந்தத் தொகையை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, விலையோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள். கேரளத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்க வழி உண்டு என்றாலும் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

8 லட்சம் ரொக்கம் கூடவே கூடாது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது; பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரும். அபராதம் அவருக்குத்தானே என்று இருந்துவிடாதீர்கள். பின்னால் காரில் வில்லங்கம் என்று வழக்குப் போட நேர்ந்தால், உங்களிடம் 19 லட்சத்துக்கு மட்டுமே ஆதாரம் இருக்கும்.

ஆலுவா கார் ஏன் வேண்டாம்? அது 2017 மாடல். 2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் ஷட்டர்கள் 26 ஆண்டுக்குப் பிறகு திறக்கப்பட்டன. உங்கள் மலைகளில் கொட்டிய மழைதான் பெரியாற்றின் வழியே ஆலுவாவை மூழ்கடித்தது. அந்தக் கார் அப்போது எங்கே நின்றது? விற்பவரின் வாய்வார்த்தை இதற்குப் போதாது. காப்பீட்டு இழப்பீட்டு வரலாறும், சர்வீஸ் பதிவும் கையில் வர வேண்டும். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் அடியில் சேற்றுக் கறை, டிக்கியில் விரிப்புக்குக் கீழே ஈர வாடை ஆகியவை வெள்ளம் புகுந்த காரைக் காட்டிக்கொடுக்கும். இவையெல்லாம் சுத்தமாக இருந்தாலும், போடிக்கும் தேனிக்குமான 15 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நவீன டீசல் ஏற்றதில்லை. புகைக்கரி வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, நிதானமான ஓட்டம் வேண்டும். குறுகிய ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும்.

கொச்சிக்காரரிடம் இந்த வாரமே நாகரிகமாக மறுத்துவிடுங்கள். டோக்கன் கொடுத்திருந்தால் எழுத்தில் கேட்டுத் திரும்பப் பெறுங்கள். இரண்டு பருவம் கழித்து வாங்கும்போது, பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் கடன் பதிவும் நிலுவை அபராதங்களும் பாருங்கள். கேரளத்துச் சாலைக் கேமராக்கள் 2023 ஜூன் முதல் அபராதம் போடுகின்றன, நிலுவை இருந்தால் பதிவை மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று இழுத்தடிக்கும். காரைக் கொச்சியிலேயே நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் விட்டுப் பரிசோதனை அறிக்கை வாங்குங்கள். கட்டணம் சில ஆயிரம்தான். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.