பழைய விளையாட்டுக்குப் புதிய ரேம் வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். எங்கள் கணினியில் 8 ஜிபி ரேமும் 64 பிட் விண்டோஸ் 11-உம் உள்ளன. பரணிலிருந்து எடுத்த இரண்டு பழைய விளையாட்டு சிடிக்களில், டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்தது தொடங்கவே மறுக்கிறது. விண்டோஸ் 95 காலத்தது ‘மெமரி போதாது’ என்கிறது. புகைப்படங்களை அழித்து இடம் உண்டாக்கியும் பயனில்லை. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் இன்னும் 8 ஜிபி ரேம் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுக்குமே ரேம் குறைவு காரணமன்று. நீங்கள் அழித்த புகைப்படங்கள் ஹார்டு டிஸ்கில் இருந்தவை. அதில் இடம் கூடுவதால், நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகமான ரேம் கூடுவதில்லை.

விண்டோஸ் 95 காலத்து நிரல்கள் ரேமின் அளவை இயங்குதளத்திடம் பழைய முறையில் கேட்கின்றன. 4 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினியில் அந்தக் கேள்விக்குத் தவறான விடை வரக்கூடும் என்பதால், 16 எம்பி போதும் என்றிருக்கும் விளையாட்டு, கிடைத்த விடையை மைனஸ் எண்ணாக எடுத்துக்கொண்டு ‘போதாது’ என்று சொல்லிவிடுகிறது. இந்நிலையில் ரேமைக் கூட்டுவது எவ்வாறு உதவும்? விளையாட்டுக் கோப்பின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் விண்டோஸ் 95-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எல்லா விளையாட்டுக்கும் இது பலிப்பதில்லை.

டாஸ் விளையாட்டின் கதை வேறு. 16 பிட் டாஸ் நிரல்களை இயக்கும் பகுதி 64 பிட் விண்டோஸில் இல்லவே இல்லை. அக்காலத்தில் நிரல்களுக்கு நேரடியாகக் கிடைத்தது 640 கேபி மட்டுமே. மவுஸ், சிடி டிரைவ் ஆகியவற்றின் டிரைவர்களும் (அவற்றை இயக்கும் சிறு நிரல்கள்) அதிலேயே குடியேறியதால், டாஸின் அமைப்புகளைக் கொண்ட கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திருத்தி அவற்றை 640 கேபிக்கு அப்பாலுள்ள மேல் நினைவகத்துக்கு நகர்த்துவதே விளையாடுவோரின் முதல் வேலையாக இருந்தது. 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6, இதற்கென்றே மெம்மேக்கர் என்னும் நிரலைக் கொண்டிருந்தது. இன்று டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள் அந்தத் தொல்லையைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது: பழைய கணினி ஒன்றைப் போல் நடித்து, மவுஸையும் சிடியையும் தானே கவனித்து, 640 கேபியைப் பெரும்பாலும் காலியாகவே விட்டுவைக்கிறது. அது விளையாட்டுக்குக் காட்டும் மொத்த நினைவகம் வழக்கமாக 16 எம்பிதான். உங்கள் 8 ஜிபிக்கு முன் அது ஒரு பொருட்டே அன்று. வேடிக்கை என்னவென்றால், காலியிடம் மிகுந்துவிட்டதால் ஓட மறுக்கும் விளையாட்டுகளும் உண்டு. அவற்றுக்காக வேண்டுமென்றே 64 கேபியை அடைத்துவைக்கும் லோட்ஃபிக்ஸ் என்னும் கட்டளை டாஸ்பாக்ஸிலேயே இருக்கிறது.

காசு செலவழிப்பதென்று முடிவு செய்தால், ஜி.ஓ.ஜி. போன்ற இணையக் கடைகளில் அதே விளையாட்டு புதிய கணினிக்கேற்ற வடிவில் விற்கிறதா என்று முதலில் தேடுங்கள். அங்கே டாஸ் விளையாட்டுகள் பலவும் டாஸ்பாக்ஸுடன் சேர்த்தே தரப்படுகின்றன. ‘ரேமைச் சுத்தம் செய்யும்’ மென்பொருள்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கடைக்காரர் தம் ஆலோசனையில் உறுதியாக இருந்தால், இன்ன விளையாட்டு ஓடுவதற்காகவே ரேம் விற்கப்படுகிறது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகும் ஓடாமல், பணமும் திரும்பாவிட்டால், அந்தப் பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.