உயிர் வாழத் தகுந்த வேற்றுக் கோள்களைத் தேடுவது பற்றி மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

நான் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே பிள்ளைகள் முதலில் கேட்பது "ஏலியன் இருக்கா டீச்சர்?" என்றுதான். கேட்கட்டும், நல்ல கேள்விதான். ஆனால் நீலக் கடலும் மேகமுமாக இணையத்தில் சுற்றுகிற 'இரண்டாவது பூமி' படங்களைக் காட்டி மட்டும் பாடத்தைத் தொடங்காதீர்கள். அவை ஓவியர்கள் வரைந்தவை. வேறொரு சூரியனைச் சுற்றும் பூமி அளவுள்ள கோள் ஒன்றைக்கூட இதுவரை யாரும் படம் பிடித்ததில்லை. அப்படியிருந்தும் 6,000-க்கு மேல் வேற்றுக் கோள்கள் உறுதியாகியிருக்கின்றனவே, அது எப்படி என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

அதற்கு நான் செய்வது இதுதான்: கோள் ஒன்று தன் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் கொஞ்சம் மங்குவதை அளந்து காட்டுவது. கேட் தூணில் வைக்கிற வெள்ளை உருண்டை விளக்கு ஒன்று, குறுக்களவு 20 செ.மீ., அது சூரியன். அந்தக் கணக்குக்கு வியாழன் ஒரு நெல்லிக்காய், பூமி ஒரு கடுகு. அறையை நன்றாக இருட்டாக்கி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஆண்ட்ராய்டு போனில் வெளிச்சம் அளக்கும் ஆப்பைத் திறந்து வைத்துவிட்டு, மெல்லிய கம்பியில் குத்திய நெல்லிக்காயை விளக்கை ஒட்டினாற்போல மெதுவாக நகர்த்துங்கள். வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு இறங்கும். அப்புறம் கடுகு. எண் அசையவே அசையாது. அந்த ஏமாற்றம்தான் பாடம், அவசரப்பட்டு விளக்கம் சொல்லிவிடாதீர்கள். பூமி சூரியனை மறைத்தால் குறையும் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் காற்று மண்டலத்தின் மினுமினுப்பே அதை விழுங்கிவிடும் என்பதால்தான் 2009-இல் கெப்ளர் தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பினார்கள். அதுவும் ஒரு தடவை மங்கினால் போதாது, அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப மங்க வேண்டும். பூமி போல வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுகிற கோள் என்றால் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

வானத்தையும் காட்டுங்கள். துலாவர்ஷ மழை (வடகிழக்குப் பருவமழை) கொஞ்சம் விட்ட ராத்திரியில், தலைக்கு மேலே நாலு விண்மீன்கள் சேர்ந்த பெகாசஸ் சதுரம் தெரியும். அதன் ஓரமாகத்தான் 51 பெகாசி என்ற விண்மீன் இருக்கிறது. சூரியன் மாதிரியான விண்மீனுக்கு முதன்முதலில், 1995-இல், கோள் கண்டுபிடித்தது அங்கேதான். அந்தக் கோளுக்கு ஒரு வருஷம் என்பது நம்முடைய நாலு நாள்தான்.

உயிர் வாழத் தகுதி என்று வரும்போது வெள்ளியிலிருந்து தொடங்குங்கள். தூரத்திலிருந்து அளக்கிறவருக்கு வெள்ளியும் பூமியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் அங்கே தரை வெப்பம் 460 டிகிரிக்கு மேல். அளவும் தூரமும் மட்டும் போதாது, காற்று மண்டலம் தெரிய வேண்டும் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

அதற்குப் பிறகு கே2-18பி என்ற வேற்றுக் கோள். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அங்கே மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் கண்டது. 2025-இல் ஒரு குழு, நம் கடலில் நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்பைடின் தடயமும் இருக்கலாம் என்றது. அதே தரவை மறுபடி அலசிய வேறு குழுக்கள், சான்று போதாது என்றன. வகுப்பை இரண்டாகப் பிரித்து இதை வாதாட விடுங்கள். மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.