கரண்ட் போனாலும் எம்ரேம் மெமரி எப்படி மறக்காமல் இருக்கிறது?

வியாசர்பாடியில் கரண்ட் போய், டைப் செய்தது பறிபோன கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள் போல. சாதா ரேமில் ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, என்பது கெப்பாசிட்டரில் நிற்கும் மின்னூட்டம். கரண்ட் போனால் அதுவும் காலி. எம்ரேம் என்ற காந்த ரேமில் பிட் இருப்பது காந்தத்தின் திசையில், அந்தத் திசை அப்படியே நிற்கக் கரண்ட் வேண்டாம். கோபால்ட்-இரும்பு-போரான் அடுக்குகள் இரண்டு, நடுவில் சுமார் 1 நானோமீட்டர் தடிமனில் மக்னீசியம் ஆக்சைடு. ஒரு அடுக்கின் காந்தத் திசை மாறாது, மற்றது திரும்பும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் எலக்ட்ரான்கள் நடுச்சுவரைச் சுலபமாக ஊடுருவும், மின்தடை குறைவு. எதிரெதிராக இருந்தால், தீபாவளி நேரத்து எம்.சி. ரோட்டில் கூட்டத்துக்கு எதிரே நடக்கிற கதைதான், மின்தடை ஏறிவிடும். அந்த வித்தியாசத்தைத்தான் 0, 1 என்று படிக்கிறார்கள். அப்புறம், இந்தத் துறைக்கே வழி திறந்தது 1988இல் ஃபெர்ட், க்ரூன்பெர்க் என்ற இரு இயற்பியலாளர்கள் தனித்தனியாகக் கண்ட பெரும் காந்தமின்தடை, அதாவது அடுக்குகளின் காந்தத் திசை மாறினால் மின்தடை பெரிதாக மாறும் விளைவு. 2007இல் இருவருக்கும் நோபல். விலை அதிகம் என்பதால் உங்கள் கம்ப்யூட்டர் ரேமுக்குப் பதிலாக இப்போதைக்கு வராது, ஒரு யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.